தைப்பொங்கலுக்கு ஆடியிலேயே விதைக்க வேண்டும்: சிட்னியில் கவுன்சிலோடு சேர்ந்து விழா எடுப்பது எப்படி

சிட்னியின் மேற்குப் புறநகர்களில், வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி பக்கம், தை பிறந்தால் ஏதாவதொரு பூங்காவில் பானை பொங்கும். வருகிறவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது. நடத்துகிறவர்களுக்கோ ஆறு மாத வேலை, அதிலும் முக்கால்வாசி உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலோடுதான் கழியும். இடம், மேசை நாற்காலி, குப்பைத்தொட்டி, மானியம், சில ஊர்களில் மேடைகூடக் கவுன்சில் கொடுக்கிறது. பதிலுக்கு அது கேட்பது காகிதம், அதுவும் அதற்குரிய தேதியில். இங்கே விழாக்கள் பணமில்லாமல் நிற்பதைவிடத் தேதி தவறி நிற்பதே அதிகம்.

காரணம் எளிது. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது, விழாவை அதை ஒட்டிய சனி ஞாயிறில் வைக்கிறோம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே கவுன்சில் அலுவலகங்கள் மூடிக்கிடக்கும். ஜனவரி பள்ளி விடுமுறை என்பதால் உங்கள் கோப்பைப் பார்த்துவந்த அலுவலரும் பிள்ளைகளோடு எங்காவது கடற்கரையில் இருப்பார். எனவே, படிவத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும், கடைசிக் காகிதம் போய்ச்சேர வேண்டியது டிசம்பர் முதல் வாரத்தில். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பூங்கா அனுமதிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம். மானியம் கேட்டால், பரிசீலித்துக் கவுன்சில் கூட்டத்தில் தீர்மானமாகிக் கைக்கு வர இரண்டு மூன்று மாதம். நிதியாண்டு ஜூலை 1இல் பிறக்கிறது, பல கவுன்சில்கள் மானியச் சுற்றை அதை ஒட்டித்தான் திறக்கின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொன்னது இங்கே விண்ணப்பத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

முதல் வேலை, பூங்கா யாருடையது என்று பார்ப்பது. டூங்காபி என்ற ஒரே ஊர்ப்பெயருக்குள் பாராமட்டா, கம்பர்லாந்து, பிளாக்டவுன் என்று மூன்று கவுன்சில்களின் எல்லை ஓடுகிறது. வென்ட்வொர்த்விலும் இரண்டு கவுன்சில்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. தெருப்பெயரை வைத்து ஊகிக்காமல், கவுன்சில் இணையதளத்தின் வரைபடத்தில் பூங்காவின் பெயரைப் போட்டுப் பாருங்கள். தவறான கவுன்சிலுக்கு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வருவதற்குள் மூன்று வாரம் போய்விடும்.

இடம் பிடிப்பதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கோடையில் விளையாட்டுத் திடல்கள் பருவம் முழுவதற்கும் கிரிக்கெட் கிளப்புகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை காலைத் திடல் கேட்டால் கிடைப்பது அரிது. திடலைக் கேட்காமல் மரநிழலும் கழிப்பறையும் உள்ள சாதாரணப் பூங்காவைக் கேளுங்கள். மானிய முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் தேதியைத் தற்காலிகமாகப் பிடித்துவையுங்கள். தேதி உறுதியாகாத விழாவுக்கு மானியக் குழு மதிப்பெண் குறைத்துப் போடும்.

அடுத்து, யார் பெயரில் நடத்துவது? சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஐந்து உறுப்பினர் இருந்தாலே சங்கம் பதிவு செய்யலாம். பதிவில்லாத நண்பர் குழு என்றால், பதிவுள்ள இன்னொரு சங்கத்தின் நிழலில் விண்ணப்பிக்கலாம். இதை ஆஸ்பிஸ் என்பார்கள். அந்தச் சங்கத்தின் சம்மதக் கடிதம், வங்கிக் கணக்கு, காப்பீடு எல்லாமே வேண்டும். வாய்ப்பேச்சில் ‘சரி’ என்றவர்கள் கடிதம் எழுதும் நேரத்தில் தயங்குவதுண்டு. கடிதத்தை முதலில் வாங்குங்கள், படிவத்தைப் பிறகு நிரப்பலாம்.

காப்பீடு என்றால் பொதுப் பொறுப்புக் காப்பீடு. கவுன்சில்கள் வழக்கமாகக் கேட்பது 2 கோடி டாலர் பாதுகாப்பு. அவர்களுக்கு வேண்டியது பணம் கட்டிய ரசீது இல்லை, காப்பீடு நடப்பில் இருப்பதைக் காட்டும் ‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் கரன்சி’. அதில் மூன்று இடத்தைப் பாருங்கள்: சங்கத்தின் பெயர் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா, விழா நாள் காலத்துக்குள் வருகிறதா, வெளியிட நிகழ்ச்சியும் உணவும் விலக்கப்படாமல் இருக்கின்றனவா. டிசம்பர் 31இல் முடியும் காப்பீட்டைக் காட்டி ஜனவரி விழாவுக்கு அனுமதி கேட்பது ஆண்டுதோறும் யாராவது செய்யும் தவறு. ராட்டினம், காற்றடைத்த குதிமெத்தை, வெளிக்கடை வைப்பவர்களிடம் அவரவர் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். உங்கள் காப்பீடு அவர்களுக்குச் சேராது.

மானியப் படிவத்தில் தோற்பது பெரும்பாலும் ஒரே கேள்வியில்: பரந்த சமூகத்துக்கு இதனால் என்ன பயன்? ‘எங்கள் பண்பாட்டைக் காக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கொடுப்பது எல்லோருடைய வரிப்பணம். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் லெபனான் குடும்பமும் நேபாளக் குடும்பமும் எப்படி அறிவார்கள், வந்தால் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். கோலம் போடக் கற்றுக்கொடுக்கும் மேசை, பொங்கல் என்றால் அறுவடை நன்றி என்று விளக்கும் ஆங்கில அறிவிப்பாளர், அருகிலுள்ள பள்ளிக்கும் நூலகத்துக்கும் போகும் அழைப்பு போன்றவையே மதிப்பெண் தரும். வரவுசெலவில் தொண்டர் உழைப்பை மணிக்கணக்காக்கிச் சேருங்கள். இருபது பேர் ஆறு மணி நேரம் என்றால் 120 மணி நேரம், அது உங்கள் பங்களிப்பு. கூடாரம், ஒலி, கழிப்பறை வாடகைக்கு எழுத்தில் விலைப்புள்ளி இணையுங்கள். மானிய ஒப்புதல் கடிதம் வரும்முன் செலவு செய்த பணத்தை மானியத்தில் கழிக்க விடமாட்டார்கள்.

பூங்காவில் ஒலிபெருக்கி வைப்பதும் வியாபாரம் செய்வதும் 1993ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி கவுன்சில் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும். அதனால்தான் இத்தனை படிவம். இட வரைபடத்தை அளவோடு வரையுங்கள். 3க்கு 3 மீட்டர் கூடாரம் எத்தனை, அடுப்பு எங்கே, ஆம்புலன்ஸ் நுழையும் வழி எது, கழிப்பறை எங்கே என்று காட்ட வேண்டும். கூடாரத்துக்கு ஆணி அடிக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை, புல்லுக்கடியில் நீர்பாய்ச்சும் குழாய் ஓடுகிறது. ஒவ்வொரு காலுக்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் கட்டினால் 20 கிலோ எடை. காற்று எவ்வளவு அடித்தால் கூடாரத்தை இறக்குவோம் என்று ஓர் எண்ணை முன்கூட்டியே எழுதிவையுங்கள். அன்றைக்கு வாதம் செய்ய நேரம் இருக்காது.

ஆபத்து மதிப்பீட்டை வேறு விழாவிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அலுவலருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பொங்கல் விழாவின் ஆபத்துகள் தனி. உரியடியில் கண்ணைக் கட்டிய பிள்ளை கம்பைச் சுழற்றும், மண்சட்டி உடைந்தால் ஓடு புல்லில் கிடந்து வெறுங்காலைக் கிழிக்கும். சட்டிக்குப் பதில் அட்டைப்பானை, கம்புக்குப் பதில் நுரை சுற்றிய கழி, மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு, ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. இப்படி எழுதியும் செய்தும் காட்டினால் அனுமதி கிடைக்கும். கோலத்துக்குக் கலர்ப்பொடி சிமெண்டில் கறையாகும், பூங்காவுக்குக் கட்டிய வைப்புத்தொகையில் பிடிப்பார்கள். செங்காவி நிறம் அடித்த பிளைவுட் பலகையில் போட்டால் கறையும் இல்லை, அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

இனி நெருப்பு. ஜனவரி இங்கே காட்டுத்தீக் காலம். 2020 ஜனவரி 4 அன்று மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 48.9 பாகை வெயில் அடித்தது. கிராமப்புறத் தீயணைப்புச் சேவை முழுத் தீத்தடை அறிவித்தால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை வெளியில் விறகடுப்பு மூட்டவே முடியாது. அறிவிப்பு பெரும்பாலும் முதல்நாள் மாலைதான் வரும். விறகைத்தான் நம்பியிருந்தால் அன்றிரவு விழாவே கையைவிட்டுப் போகும். ஆகவே அடுப்பைத் தொடக்கத்திலிருந்தே கேஸில் திட்டமிடுங்கள். தீத்தடை நாளில் கேஸ் அடுப்புக்கு நிபந்தனைகள் உண்டு: பெரியவர் ஒருவர் அடுப்பைவிட்டு நகரக்கூடாது, சுற்றிலும் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது, தண்ணீர் தயாராக இருக்க வேண்டும், இடமும் அதற்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தப் பூங்காவில் தீத்தடை நாளில் கேஸ் அடுப்பு ஆகுமா என்று செப்டம்பரிலேயே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கிவையுங்கள். ஆகாது என்றால் மின்தட்டு அடுப்பு. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானையும் பித்தளைப் பானையும் சூடேறாது என்பதை அங்கே போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

கேஸ் அடுப்பில் பொங்கலுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. பானை பொங்கி வழிவதுதான் விழாவின் உச்சம். வழியும் பால் நேரே பர்னரில் விழுந்து சுடரை அணைக்கும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் குலவையும் ‘பொங்கலோ பொங்கல்’ சத்தமும், யாரும் அடுப்பைப் பார்ப்பதில்லை. சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அடுப்பாக வாங்குங்கள். அது இருந்தாலும் வால்வில் கைவைத்து நிற்க ஒருவரை நியமியுங்கள், அவருக்குப் படம் எடுக்கும் வேலை கூடாது. பானையின் ஒரு பக்கத்தில் ஒரு சின்ன ஆப்பு கொடுத்துக் கிழக்கே இலேசாகச் சாய்த்தால் பால் பர்னருக்கு வெளியே வழியும், கிழக்கே பொங்கியது என்ற நிறைவும் கிடைக்கும். அடுப்பை மணல் தட்டின் மேல் வையுங்கள். சிலிண்டர் கழுத்தில் அடித்திருக்கும் பரிசோதனைத் தேதி பத்தாண்டைத் தாண்டியிருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். தீயணைப்பானில் ஆறு மாதத்துக்கொருமுறை துளையிடும் அட்டை இருக்கும், உணவு ஆய்வாளர் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

மேயரையோ கவுன்சிலர்களையோ அழைத்திருந்தால் பேச்சுக்கும் பானைக்கும் நேரம் பொருந்த வேண்டும். ஐந்து லிட்டர் பாலும் நீரும் வெளியில், காற்றில், பொங்க இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். முதல் பேச்சாளர் எழும்போது அடுப்பை மூட்டுங்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். எல்லாவற்றுக்கும் முன் இந்த மண்ணின் முதற்குடிகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், மேற்குச் சிட்னியில் அவர்கள் டாருக் மக்கள். அந்த வணக்கத்தை யாரும் சொல்லலாம். ‘வெல்கம் டு கன்ட்ரி’ என்ற வரவேற்பு வேறு. அதைத் தரும் உரிமை அந்த மண்ணுக்குரிய மக்களுக்கே உண்டு, அவர்களைப் பல வாரம் முன்பே அழைத்து உரிய கட்டணமும் கொடுக்க வேண்டும். தங்கள் நிலத்தையும் முன்னோரையும் வணங்குகிறவர்கள் முன்னால் நின்று நாம் சூரியனுக்கும் மண்ணுக்கும் பொங்கல் படைக்கிறோம். இந்த ஒரு நிமிடத்தைப் படிவத்துக்காகச் செய்யக்கூடாது.

உணவுக்கு வருவோம். கவுன்சிலின் சுகாதார ஆய்வாளர் விழாவுக்கு வருவார், வராவிட்டாலும் வருவார் என்றே வேலை செய்யுங்கள். தற்காலிக உணவுக் கடைக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வீட்டில் சமைத்துக் கொண்டுவரலாமா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடுகிறது, எழுத்தில் கேளுங்கள். எங்கே சமைத்தாலும் கணக்கு ஒன்றுதான்: சூடானது 60 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது, குளிர்ந்தது 5 பாகையைத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் நடுவே மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்த உணவை மறுபடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். இரண்டிலிருந்து நாலு மணி நேரமானால் அப்போதே தின்று தீர்க்க வேண்டும். நாலைத் தாண்டினால் குப்பைதான். சமைத்த நேரம், வண்டியில் ஏற்றிய நேரம், மேசையில் இருந்த நேரம் எல்லாம் சேர்ந்த கூட்டல் அது.

நம் சாப்பாட்டில் இது எங்கே பிசகும் என்றால் சோற்றில். வெந்த அரிசியில் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாகாமல் தங்கும். சோறு மெதுவாக ஆறினால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. முதல்நாள் இரவு அண்டா நிறையத் தயிர்சாதம் கிளறி மூடிவைத்தால் அதன் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். விதி கேட்பது, 60இலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்திலும் அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த நாலு மணி நேரத்திலும் ஆற வேண்டும் என்று. ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ்பெட்டியில் கொண்டுவந்தால் சரி. அத்தனை தட்டும் இடமும் இல்லையென்றால் தயிர்சாதத்தையே விட்டுவிடுங்கள். சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் அன்று காலையே செய்யுங்கள். அரிசி ஒரு கிலோவுக்குப் பாசிப்பருப்பு 300 கிராம், வெல்லம் ஒன்றரைக் கிலோ போட்டால் 150 கிராம் கிண்ணத்தில் சுமார் 40 பேருக்கு வரும், 200 பேர் என்றால் ஐந்து கிலோ அரிசி. மூடிய சூட்டுப்பெட்டியில் வைத்து, அரைமணிக்கொருமுறை வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்து எழுதுங்கள். ஓரத்தில் 70 காட்டும் பொங்கல் மேல்புறத்தில் 55இல் நிற்கும். கரண்டியால் கிளறிவிட்டு மீண்டும் பாருங்கள்.

கைகழுவ 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன், திறந்துவிட்டால் தானே ஓடும் குழாய் வைத்தது. அழுத்திப் பிடித்தால்தான் வரும் குழாய் ஆகாது, ஒரு கையால் மறுகையைக் கழுவ முடியாது. வெதுவெதுப்பான நீர், சோப்பு, காகிதத் துண்டு, அழுக்குநீருக்கு வாளி. ஒவ்வாமைப் பலகையில் முந்திரி, பால், எள் எழுதுவோம். பெருங்காயத்தை மறந்துவிடுவோம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், டப்பாவின் பின்புறம் பாருங்கள். கோதுமை ஆகாத ஒருவர் ‘அரிசியும் பருப்பும்தானே’ என்று நம்பி வெண்பொங்கலும் சாம்பாரும் வாங்கிச் சாப்பிடுவார்.

தட்டு, கரண்டி வாங்கும்முன் ஒரு சட்டம். 2022 நவம்பர் 1 முதல் நியூ சவுத் வேல்ஸில் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, ஸ்ட்ரா, தெர்மோகோல் கிண்ணம் கொடுக்கத் தடை, சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். மக்கும் என்று எழுதிய பிளாஸ்டிக்கும் இதில் அடங்கும். கரும்புச்சக்கைத் தட்டும் மரக்கரண்டியும் வாங்குங்கள், வாழையிலை கிடைத்தால் இன்னும் நல்லது.

மின்சாரத்தில் தடுக்குவது தேநீர்க் கொதிகலன். 2400 வாட் கொதிகலன் ஒன்றே 10 ஆம்பியர் இணைப்பை முழுக்க விழுங்கும். அதே பலகையில் ஒலிக்கருவியையும் சொருகினால் நாட்டியத்தின் நடுவே பாட்டு நிற்கும். கொதிகலனுக்குத் தனி இணைப்பு, ஒலிக்குத் தனி இணைப்பு என்று வரைபடத்திலேயே பிரியுங்கள். நீட்டிப்பு ஒயர் எல்லாவற்றிலும் பரிசோதனை அட்டை ஒட்டியிருக்க வேண்டும். சினிமாப்பாட்டுக்கு ஆடினால், பாட்டைப் பொதுவில் ஒலிக்கத் தேவையான ஒன்மியூசிக் உரிமம் யார் எடுப்பது, கவுன்சிலா நாமா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தும் தொண்டர்களுக்குச் சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். தொண்டருக்கு அது இலவசம், ஐந்தாண்டு செல்லும். டிசம்பரில் கேட்டால் தாமதமாகும்.

மழைக்குப் பயந்து கவுன்சில் மண்டபத்தை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது கூரையில் இருக்கும் புகையுணரி. குத்துவிளக்கு ஐந்து திரி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சாம்பிராணியும் கற்பூரமும் செய்யும். மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் பொய்யழைப்புக் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும், அது வைப்புத்தொகையிலிருந்துதான் போகும். தூபத்தை வாசலுக்கு வெளியே காட்டிவிட்டு உள்ளே வாருங்கள். மண்டபச் சாவியை வெள்ளி மாலை ஐந்துக்குள் வாங்க வேண்டும் என்பதும் மறக்கும் விஷயம்தான்.

இத்தனைக்கும் ஆள் இல்லாத சிறு குழுக்கள் பின்வாங்க வேண்டாம். கவுன்சில் தானே நடத்தும் நிகழ்ச்சிகளில் சேர்ந்துகொள்ளலாம். ‘ஹார்மனி டே’ எனப்படும் மார்ச் 21 ஒற்றுமை நாள் வாரத்தில் ஒரு கோல மேசை, மூத்தோர் விழாவில் ஒரு கும்மி, நூலகத்தில் மாதம் ஒருமுறை தமிழ்க் கதைநேரம். இடமும் காப்பீடும் அவர்கள் பொறுப்பு, நாம் ஆளும் பாட்டும் கொண்டுபோனால் போதும். நூலகரிடம் பேசும்போது தமிழ்ப் புத்தகங்களையும் கேளுங்கள். மாநில நூலகத்திலிருந்து பிறமொழிப் புத்தகங்களை மொத்தமாக இரவல் வாங்கி வைக்க உள்ளூர் நூலகங்களுக்கு வழி இருக்கிறது. கேட்கும் வாசகர் பத்துப் பேர் பெயர் எழுதிக் கொடுத்தால் நூலகர் கை வலுக்கும். ஆங்கிலம் தயங்கும் பெற்றோர்கள் கவுன்சிலோடு பேச, அரசின் மொழிபெயர்ப்புச் சேவைத் தொலைபேசி எண் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பல மூத்தோருக்கு இது தெரியவே தெரியாது.

விழா முடிந்த மாலையில் பூங்காவை விட்டுப் போகும்முன் நாலு மூலையையும் படம் எடுங்கள், தேதி நேரத்தோடு. வைப்புத்தொகை திரும்ப அதுதான் சாட்சி. பானக்குப்பிகளைத் தனியே சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால் குப்பிக்கு 10 சென்ட், பிள்ளைகள் ஓடியோடி எடுப்பார்கள். மானியக் கணக்கை ரசீது, படம், வந்தவர் எண்ணிக்கையோடு குறித்த நாளுக்குள் ஒப்படையுங்கள். ஒப்படைக்காத சங்கத்துக்கு அடுத்த சுற்றில் கதவு சாத்தியிருக்கும். எண்ணிக்கைக்கு வாசலில் ஒருவர் கையெண்ணியோடு நின்றால் போதும், கிண்ணக் கணக்கில் ஊகித்துப் போடாதீர்கள். அந்த வாரத்திலேயே உங்கள் கோப்பைப் பார்த்த அலுவலருக்கு இரண்டு வரி நன்றியும் பொங்கிய பானையின் படம் ஒன்றும் அனுப்பி, அடுத்த ஜனவரிக்கான பூங்காப் பதிவு எந்தத் தேதியில் திறக்கிறது என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.